ஒரே ஒரு ஜப்பானியக் கத்தி வாங்குவதென்றால் எது?

ஜப்பான் போகிறவர்களின் வாங்கும் பட்டியலில் இப்போதெல்லாம் சமையல் கத்தியும் ஏறிவிட்டது. கையால் அடித்ததாக இருக்க வேண்டும், பரம்பரைப் பட்டறையிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும், வீட்டில் தினமும் பயன்படவும் வேண்டும். இந்த மூன்று ஆசையோடு கடைக்குள் நுழைந்தால் சுவர் முழுக்கக் கத்தி. ஐயாயிரம் யென்னில் தொடங்கி லட்சங்கள் வரை விலை. கடைக்காரர் பொறுமையாகத்தான் விளக்குவார், நமக்குப் பாதி புரியாது. கடைசியில் அலகில் அலையலையாகக் கோடு ஓடும் டமாஸ்கஸ் கத்தி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வருவோம். அது மோசமான கத்தியாக இருக்காது. ஆனால் நம் வீட்டுக்கான கத்தியா என்பதை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

அந்த யோசனையைக் கடைக்குப் போகும் முன்பே முடித்துக்கொள்வது நல்லது. கணக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: ஒரே ஒரு கத்தி. 30,000 யென்னுக்குள், அதாவது ஏறக்குறைய பதினேழு, பதினெட்டாயிரம் ரூபாய். சமைப்பது வீட்டுச் சமையல். காய்தான் அதிகம், அவ்வப்போது மீனோ எலும்பில்லாத கோழியோ. இந்தக் கணக்குக்குள் நிஜமாகப் போட்டியிடுகிறவை நான்கு வகை. அவற்றுக்கு முன்னால், எல்லோரும் ஆசைப்படுகிற ஐந்தாவது வகை ஒன்று இருக்கிறது. அதை முதலிலேயே கழித்துவிடலாம்.

ஒருபக்கம் மட்டும் தீட்டிய கத்தி

ஜப்பானியக் கத்தி என்றதும் நினைவுக்கு வருவது நீளமாக, ஒல்லியாக இருக்கும் யனாகிபா. பச்சை மீனைச் சாஷிமிக்காக ஒரே இழுப்பில் அரிவதற்கானது. அதன் கூடப்பிறந்தவை இரண்டு: மீன் தலையை வெட்டவும் முள்ளிலிருந்து சதையைப் பிரிக்கவும் உதவும் தடித்த டேபா, காய்க்கான உசுபா. மூன்றுமே வலதுபக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டப்பட்டவை. இடதுபக்கம் பார்வைக்குத் தட்டையாகத் தெரியும். ஒரு ஸ்கேலை நிறுத்தி வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் நடுவில் மெல்லிய குழிவு தெரியும். அந்தக் குழிவு இருப்பதால் அரிந்த துண்டு அலகோடு ஒட்டிக்கொள்வது குறைகிறது. தீட்டும்போதும் பின்பக்கத்தின் ஓரம் மட்டுமே கல்லில் படுகிறது.

இந்த வகைக்குப் பேர்போன ஊர் சாக்காய். ஒசாகாவை ஒட்டித் தெற்கே இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாகப் புகையிலை ஜப்பானுக்கு வந்தது. இலையை மயிரிழையாக நறுக்கக் கத்தி வேண்டியிருந்தது. சாக்காய்க் கொல்லர்கள் அடித்த புகையிலைக் கத்திக்கு டோகுகாவா ஆட்சி தர முத்திரை கொடுத்து நாடெங்கும் விற்க வைத்தது. அங்கிருந்து சமையல் கத்திக்கு வந்தார்கள். இன்றும் அந்த ஊரில் ஒரு கத்தியை ஒருவரே செய்து முடிப்பதில்லை. ஒரு பட்டறையில் மெல்லிரும்பின் மேல் எஃகை வைத்து உலையில் காய்ச்சி ஒட்டி அடிப்பார்கள். இன்னொரு பட்டறையில் தீட்டுவார்கள். பிடி போடுவது மூன்றாவது ஆள். அலகில் பொறித்திருக்கும் பெயர் பல சமயம் இந்த மூவரில் யாருடையதும் அல்ல. வாங்கி விற்கும் மொத்த வியாபாரியுடையது. அதனால் ‘இந்தப் பெயர் போட்ட கத்தி நல்லதா’ என்று கேட்பதைவிட ‘இதை அடித்தது யார், தீட்டியது யார்’ என்று கேட்டுப் பாருங்கள். சாக்காய்க் கடைக்காரர்களுக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

சரி, இவ்வளவு பெருமை உள்ள கத்தியை ஏன் கழிக்கச் சொல்கிறேன்? தடித்த கேரட் ஒன்றை உசுபாவால் நேராக வெட்டிப் பாருங்கள். சாய்வு வலதுபக்கம் மட்டும் இருப்பதால் அலகு இடதுபக்கம் இழுத்துக்கொண்டு போகும். மேலே வட்டமாகத் தொடங்கிய துண்டு கீழே ஆப்பு வடிவில் முடியும். ஜப்பானியச் சமையல்காரர்கள் அந்த இழுப்பை மணிக்கட்டால் சரிக்கட்டப் பழகியவர்கள். முள்ளங்கியைச் சுழற்றிச் சுழற்றித் தாள்போல உரிக்கும் வேலைக்கு அந்த ஒருபக்கச் சாய்வு அவர்களுக்கு வேண்டும். நமக்குக் கூட்டுக்கும் பொரியலுக்கும் அது வேண்டாம். இடதுகைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் கஷ்டம்: தனியாகச் செய்த கத்தி வேண்டும், விலையும் கூடும், சொல்லிவைத்துக் காத்திருக்கவும் நேரலாம். யனாகிபாவை நம் வீட்டில் வைத்துக்கொண்டால் வருடத்தில் பெரும்பாலும் உறையிலேயே தூங்கும்.

சாஷிமி செய்வேன் என்று உறுதியாக இருப்பவர்கள் வாங்கட்டும். மற்றவர்கள் இருபக்கமும் தீட்டிய கத்திகளின் பக்கம் போகலாம். வடிவம் மூன்றுதான். காய்க்கென்றே செவ்வகமாக இருப்பது நாகிரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மேஜி காலத்தில் மாட்டிறைச்சியோடு வந்த மேலைநாட்டுக் கத்தியின் ஜப்பானிய வடிவம் கியூட்டோ; முனை கூராக, பெரும்பாலும் 210 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ நீளமாக இருக்கும். இரண்டாம் உலகப்போரை ஒட்டி இவை இரண்டுக்கும் நடுவில் வீட்டுக்கென்று பிறந்தது சான்டோக்கு; 165 முதல் 180 மில்லிமீட்டர். ஜப்பானிய வீடுகளில் அதிகம் இருப்பது இதுதான். நம் சமையலறை மேடையின் அளவுக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி என்கிற கணக்குக்கும் சான்டோக்கு பொருந்தும். சைவ வீடு என்றால் நாகிரி. அலகு முழுக்க ஒரேயடியாகப் பலகையில் படுவதால் கீரை, பீன்ஸ், வெங்காயத்தாள் எதுவும் கடைசி நாரில் தொங்கிக்கொண்டு நிற்காது. கியூட்டோ நல்ல கத்திதான், ஆனால் பெரிய பலகை இருப்பவர்களுக்கு.

வெள்ளை, நீலம், அப்புறம் ஸ்டெயின்லெஸ்

வடிவத்தைவிடத் தலைவலி பிடித்தது எஃகு. விலைச்சீட்டில் ஷிரோகாமி, அவோகாமி என்று இருக்கும். வெள்ளைத் தாள், நீலத் தாள் என்று பொருள். ஷிமானே மாகாணத்தில் யசுகி என்ற ஊரின் ஆலையில் செய்கிற எஃகு இது. ரகம் தெரிவதற்காக ஒட்டிய காகிதத்தின் நிறமே பெயராக நின்றுவிட்டது. ஆலையை நடத்திய ஹிட்டாச்சி மெட்டல்ஸ் 2023இல் புரோட்டீரியல் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெட்டியில் பழைய பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம்.

வெள்ளை என்பது இரும்பும் கார்பனும், அவ்வளவுதான் என்று சொல்லும் அளவுக்குச் சுத்தமானது. இரண்டாம் எண் வெள்ளையில் கார்பன் 1.05 முதல் 1.15 சதவீதம், கந்தகம், பாஸ்பரஸ் போன்ற கசடுகள் மிகக் குறைவு. அதனால் கல்லில் வைத்ததும் கூர் ஏறும். ஏறும் கூரும் மிக நுண்ணியது. அதே வெள்ளையில் டங்ஸ்டனும் கொஞ்சம் குரோமியமும் சேர்த்தால் நீலம். கூர் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும். தீட்ட இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். ‘குரோமியம் இருக்கிறதே, துருப்பிடிக்காதுதானே’ என்று நினைத்து நீலத்தை வாங்குகிறவர்கள் உண்டு. நீலத்தில் இருப்பது அரை சதவீதத்துக்குள்தான். ஸ்டெயின்லெஸ் என்று சொல்லப் பத்தரை சதவீதமாவது வேண்டும். வெள்ளையும் துருப்பிடிக்கும், நீலமும் துருப்பிடிக்கும்.

ஸ்டெயின்லெஸ் பக்கத்தில் அடிக்கடி பார்க்கக் கிடைப்பவை இரண்டு. எச்சிசென்னில் உள்ள தக்கேஃபு ஸ்பெஷல் ஸ்டீல் ஆலையின் விஜி10, சுமார் 15 சதவீதம் குரோமியம். யசுகியின் கின்சான், அதாவது மூன்றாம் எண் வெள்ளி. அதில் குரோமியம் இன்னும் சற்றுக் குறைவு. இரண்டையும் கல்லில் தேய்த்தால் வித்தியாசம் கைக்குத் தெரியும். விஜி10 கல்லில் வழுக்குவது போல இருக்கும். விளிம்பில் எழும் பிசிறு லேசில் உதிராது. கின்சான் கிட்டத்தட்ட வெள்ளை எஃகு மாதிரியே கல்லைக் கவ்வும்.

ஜெர்மன் கத்திகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம். அவை ராக்வெல் அளவில் 56, 58 கடினம். இங்கே பேசுகிற கத்திகள் 60 முதல் 64 வரை போகும். கடினம் கூடினால் அலகை இன்னும் மெல்லியதாகத் தீட்டலாம், கூரும் நிற்கும். பதிலுக்கு, பக்கவாட்டில் திருகினால் வளையாமல் சில்லு தெறிக்கும். தேங்காய், எலும்பு, ஃப்ரீஸரிலிருந்து எடுத்த மீன், ஊறுகாய்க்குக் கொட்டையோடு வெட்டும் மாங்காய், இவை எதற்கும் எந்த ஜப்பானியக் கத்தியையும் எடுக்கக் கூடாது. அந்த வேலைக்கு அரிவாள்மனையும் வெட்டுக்கத்தியும் வீட்டில் இருக்கட்டும். முருங்கைக்காய், சேனை, பூசணி எல்லாம் பிரச்சினை இல்லை. ஆனால் பூசணியில் கத்தி பாதி இறங்கியதும் பிடியைத் திருகிப் பிளக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

நான்கு பேர்

இப்போது போட்டிக்கு வருவோம். முதலாவது தோசா. ஷிகோக்கு தீவின் கோச்சி மாகாணம். மலையும் காடும் நிறைந்த இடம். மரம் வெட்டுகிறவர்களுக்குக் கோடரியும் அரிவாளும் அடித்து வளர்ந்த கொல்லர்கள். அச்சு வைத்து வெட்டாமல், அடித்தடித்தே எந்த வடிவத்தையும் கொண்டுவருவது அவர்கள் பாணி. அலகின் மேல்பாதியில் உலையின் கருப்பு அப்படியே இருக்கும். அதைக் குரோஉச்சி என்பார்கள். அந்தக் கருப்புப் படலம் துருவைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். உள்ளே வெள்ளையோ நீலமோ, இருபுறமும் மெல்லிரும்பு. பத்தாயிரம் யென்னை ஒட்டியே நல்ல நாகிரியோ சான்டோக்குவோ கிடைக்கும். குறை என்னவென்றால் மேல்பூச்சில் யாரும் மெனக்கெடுவதில்லை. கத்தியின் முதுகு விளிம்பு விரலை உறுத்தும், பிடி சாதாரணமாக இருக்கும், இரண்டு கத்தியை அருகருகே வைத்தால் ஒன்று போல இன்னொன்று இருக்காது. உப்புத்தாளில் முதுகை நாலு இழுப்பு இழுத்தால் உறுத்தல் போய்விடும். கொடுக்கிற காசுக்குக் கொல்லரின் உழைப்பு அதிகம் கிடைப்பது இங்கேதான் என்பது என் எண்ணம்.

இரண்டாவது சாக்காயின் இருபக்கக் கத்தி: வெள்ளை இரண்டாம் எண் எஃகு, பளபளப்பாகத் தீட்டிய அலகு, எருமைக் கொம்புக் கழுத்து வைத்த ஹோ மரப் பிடி. 30,000 யென் கிட்டத்தட்ட முழுதும் போய்விடும். தோசா கத்தியோடு இதை வைத்துப் பார்த்தால் தீட்டுகிறவரின் கைதான் வித்தியாசம். பிடிப்பக்கத்து முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்: முதுகிலிருந்து விளிம்பு வரை அலகு ஒரே சீராக மெலிந்துகொண்டே வரும். வெங்காயத்தில் இறங்கும்போது சத்தமே கேட்காது. தோசாவில் விளிம்புக்கு மேலே ஒரு சின்னத் தோள் நிற்கும், கெட்டியான சேனையைப் பிளக்கும்போது அது தெரியும். (கொம்பு வேண்டாம் என்று நினைக்கும் சைவ வீட்டார் மரக் கழுத்து வைத்த பிடியைக் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். இந்தப் பிடிகள் தட்டிக் கழற்றி மாற்றக்கூடியவைதான்.)

இந்த இரண்டுக்கும் ஒரு பொதுத் தொல்லை உண்டு. அலகு முழுக்கத் துருப்பிடிக்கும் இரும்பு. புதுக் கத்தியில் எலுமிச்சை அரிந்துவிட்டு ஒரு நிமிஷம் பேச்சில் நின்றால், திரும்பிப் பார்ப்பதற்குள் சாறு பட்ட இடம் சாம்பல் நிறமாகியிருக்கும். முதல் சில வாரம் சின்ன வெங்காயத்தின் வெட்டிய முகத்தில் பழுப்புக் கோடு விழும். லேசாக இரும்பு வாடையும் அடிக்கும். பிறகு அலகில் நீலமும் சாம்பலுமாக ஒரு படலம் உட்கார்ந்துவிடும், வாடையும் கோடும் பெருமளவு நின்றுவிடும். அந்த நீலச் சாம்பல் நல்லது. ஆரஞ்சு நிறம் வந்தால் அது துரு, உடனே தேய்த்து எடுக்க வேண்டும். வாழைப்பூவும் வாழைக்காயும் நறுக்கினால் பிசினும் சேர்ந்து கருக்கும். நறுக்கி முடித்ததும் கழுவித் துடைத்து வைக்கிற ஒருவர் மட்டும் சமைக்கிற வீட்டில் இது தொல்லையே இல்லை. ஆனால் வீட்டில் நான்கு பேர் கத்தியை எடுக்கிறார்கள், யாரோ ஒருவர் எலுமிச்சை பிழிந்துவிட்டுத் தொட்டியில் போட்டுவிட்டுப் போகிறார், அதுவும் சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடல்காற்றில்? ஒரே மாதத்தில் சண்டை வரும்.

அந்த வீடுகளுக்காகவே இருப்பது மூன்றாவது வகை: நடுவில் வெள்ளை அல்லது நீலம், இருபுறமும் ஸ்டெயின்லெஸ் போர்வை. பிரெட்டுக்கு நடுவில் வைத்த சீஸ் மாதிரி, வெட்டும் விளிம்பில் மட்டும் இரண்டு மில்லிமீட்டரோ மூன்றோ கார்பன் எஃகு எட்டிப் பார்க்கும். கருப்பதும் துருப்பிடிப்பதும் அந்தக் கோட்டோடு நின்றுவிடும். எச்சிசென், சன்ஜோ இரண்டு ஊரிலும் இதை நிறையச் செய்கிறார்கள். 15,000 யென் முதல் 30,000 வரை நல்ல தேர்வு இருக்கும்.

எச்சிசென் ஃபுகுயி மாகாணத்தில் இருக்கிறது. 1337இல் கியோத்தோவிலிருந்து வந்த சியோசுரு குனியாசு என்ற வாள் கொல்லர், வாளோடு பக்கத்து விவசாயிகளுக்கு அரிவாளும் அடித்துக் கொடுத்ததிலிருந்து தங்கள் கதையைச் சொல்வார்கள். இரண்டு அலகை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துச் சேர்த்து அடிப்பது இவர்களின் தனி வழக்கம். சூடு சீக்கிரம் ஆறாது, இரண்டும் ஒரே சீராக மெலியும். 1979இல் கத்தித் தொழில்களிலேயே முதலாவதாக அரசின் மரபுக் கைவினை அங்கீகாரம் பெற்றது இவர்கள்தான். சாக்காய் 1982, தோசா 1998, நீகாட்டா மாகாணத்தின் சன்ஜோ 2009. 1993இல் சில பட்டறைகள் சேர்ந்து தக்கேஃபு கத்திக் கிராமம் என்று ஒரே கூரையின்கீழ் உலை வைத்தார்கள். பார்வையாளர்கள் மேலிருந்து வேலையைப் பார்க்கலாம். 2024 மார்ச்சில் ஹொக்குரிக்கு புல்லட் ரயில் சுருகா வரை நீண்டதில் எச்சிசென்-தக்கேஃபு நிலையம் வந்துவிட்டது, இப்போது போவதும் சுலபம்.

ஆனால் இந்த மூன்றாவது வகையில் ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. ஸ்டெயின்லெஸ்ஸையும் கார்பன் எஃகையும் கொல்லர் தன் உலையில் ஒட்டுவது மிகக் கடினம். அதனால் பெரும்பாலும் ஆலையிலேயே மூன்று அடுக்காக உருட்டி ஒட்டிய தகட்டை வாங்கி, அதைக் காய்ச்சி அடித்து, பதம் பார்த்து, தீட்டுகிறார்கள். பரம்பரைத் தொழிலின் உச்சம் என்று சொல்லப்படுகிற ஒட்டும் வேலை இதில் இல்லை. மரபு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நம்மிடம் பராமரிப்பு கேட்கும். பராமரிப்பு குறையக் குறைய ஆலையின் பங்கு கூடும். எந்த இடத்தில் நிற்பது என்று அவரவர் வீட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அடிப்பதும் பதமிடுவதும் தீட்டுவதும் கையால் நடந்தால் எனக்குப் போதும். ஒட்டியதும் உலையில்தான் வேண்டும் என்பவர்கள் தோசாவுக்கோ சாக்காய்க்கோ திரும்பிப் போகலாம்.

நான்காவது முழு ஸ்டெயின்லெஸ். சுபாமே, செக்கி ஊர்களின் தொழிற்சாலைகளில் வரும் விஜி10 சான்டோக்கு பத்தாயிரத்துச் சொச்சம் யென்னிலேயே அருமையாகக் கிடைக்கும். நன்றாக வெட்டும், துருப்பிடிக்காது, மேலைநாட்டுப் பிடி. நம் ஊர்ச் சமையலறைக்கு நூற்றுக்கு எழுபது பேருக்கு இதுவே போதும் என்றுகூடச் சொல்வேன், ஆனால் நாம் தேடி வந்தது கையால் அடித்த கத்தி. அந்த வரிசையில் ஸ்டெயின்லெஸ் வேண்டுமென்றால் சாக்காயின் கின்சான் இருக்கிறது. விலை நம் 30,000 யென்னைத் தொட்டுக்கொண்டோ சற்றுத் தாண்டியோ நிற்கும். பணம் ஒரு பொருட்டில்லை என்றால் நான்கிலும் குறை மிகக் குறைந்தது அதுதான்.

கோடும் அலையும்

டமாஸ்கஸ் பற்றி இரண்டு வரி போதும். வெட்டுவது நடுவில் இருக்கும் எஃகு. அலைக்கோடு இருபுறப் போர்வையில் இருக்கும் அழகு. அதே பட்டறையின் அதே நடு எஃகில் கோடு இல்லாத கத்தி சில ஆயிரம் யென் மலிவாகக் கிடைத்தால் அதை எடுங்கள். கல்லில் தீட்டத் தீட்டக் கோடு எப்படியும் கீறல் விழுந்து மங்கும். இணையத்தில் ஜப்பானியப் பெயரும் சாமுராய்க் கதையும் வைத்துத் தள்ளுபடியில் விற்கும் சில கத்திகளில் அந்தக் கோடு லேசரால் வரைந்ததாகவே இருக்கும். எந்த ஊரில், எந்த எஃகில் செய்தது என்ற இரண்டும் விவரத்தில் இல்லையென்றால் அடுத்த கத்திக்கு நகர்ந்துவிடலாம். ஒரே எஃகைக் களிமண் பூசித் தண்ணீரில் தோய்க்கும் ஹோன்யாகி கத்திகள் வேறு உலகம். நம் பட்ஜெட்டில் அவை வராது, வந்தாலும் முதல் கத்தியாக வாங்கக் கூடாது. ஒருமுறை சில்லு போனால் சரிசெய்வது பெரிய வேலை.

கல்லையும் சேர்த்துக் கணக்கு போடுங்கள்

கத்தி ஒப்பீடுகளில் பெரும்பாலும் விட்டுப்போவது சாணைக்கல். 30,000 யென்னையும் கத்தியில் போட்டுவிட்டு ஊருக்கு வந்தால் ஆறு மாதத்தில் அது மழுங்கிய அழகுப் பொருள். அதைத் தெருவில் வருகிற சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் அதைவிட மோசம். இந்த எஃகெல்லாம் இருநூறு டிகிரியை ஒட்டிய சூட்டில் பதமிடப்பட்டது. பொறி பறக்கச் சுழலும் சக்கரத்தில் மெல்லிய விளிம்பு அந்தச் சூட்டைத் தாண்டிவிடும், பதம் போய்விடும். அந்த அண்ணன் கையில் தவறில்லை. அவர் சக்கரம் வெட்டுக்கத்திக்கும் அரிவாளுக்கும் ஏற்றது. இழுத்துத் தீட்டும் சின்னக் கருவிகளும், வரிவரியாக இருக்கும் இரும்புக் கம்பியும் வேண்டாம். கடின எஃகின் விளிம்பை அவை பிய்த்துவிடும்.

வேண்டியது ஆயிரம் எண் தண்ணீர்க்கல் ஒன்று. சில ஆயிரம் யென்தான். முடிந்தால் இன்னும் நுண்ணிய மூவாயிரம் எண்ணிலோ ஆறாயிரம் எண்ணிலோ இன்னொன்று. கல்லை ஊறவைத்து, ஒரு பக்கம் இரண்டு நாணயம் அடுக்கிய உயரத்துக்கு முதுகைத் தூக்கி, சேறு கழுவாமல் முன்னும் பின்னும் தள்ள வேண்டும். எப்போது நிறுத்துவது? எதிர்ப்பக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, விளிம்பைத் தாண்டி மெல்ல வழுக்கிப் பாருங்கள். ஒரு மெல்லிய சொரசொரப்பு தட்டுப்படும். அதுதான் பிசிறு. பிடிப்பக்கத்திலிருந்து முனை வரை அது இடைவெளி இல்லாமல் எழுந்துவிட்டால் கத்தியைத் திருப்பலாம். மறுபக்கமும் அப்படியே. கடைசியில் அழுத்தமே இல்லாமல் மாற்றி மாற்றி நாலைந்து இழுப்பு இழுத்தால் பிசிறு உதிரும். தக்காளியின் தோலில் கத்தியை வைத்து அதன் கனத்திலேயே இழுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். வெள்ளை எஃகில் இந்த வேலை முழுதும் பத்து நிமிடத்தில் முடியும். கற்றுக்கொள்கிறவருக்கு அதனால்தான் வெள்ளை நல்ல வாத்தியார்.

நறுக்கும் பலகை மரமாக இருக்கட்டும். கண்ணாடிப் பலகை, கிரானைட் மேடை, எவர்சில்வர் தட்டு எதிலும் வைத்து வெட்டக் கூடாது. நீண்ட நாள் ஊருக்குப் போகும்போது கார்பன் கத்தியில் மெல்லியதாக எண்ணெய் தடவி வைக்க வேண்டும். ஜப்பானில் கமேலியா எண்ணெய். நம்மிடம் உணவுக்கு உதவும் மினரல் எண்ணெய் போதும். நல்லெண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுக்கும்.

என் முடிவு

வீட்டில் பலபேர் கத்தியை எடுப்பார்கள் என்றால் எச்சிசென் அல்லது சன்ஜோ, ஸ்டெயின்லெஸ் போர்வை போட்ட சான்டோக்கு, 165 மில்லிமீட்டர், நடுவில் நீலம். இருபதாயிரம் யென்னுக்குள் முடித்துக்கொண்டு மீதியில் கல் வாங்குங்கள். நீங்கள் மட்டும்தான் சமைக்கிறீர்கள், தீட்டக் கற்றுக்கொள்ளவும் ஆசை இருக்கிறது என்றால் தோசாவின் வெள்ளை நாகிரி. கல்லோடு சேர்த்தும் பதினைந்தாயிரத்தைத் தாண்டாது. தீட்டிப் பழகும்போது கீறல் விழுந்தாலும் மனசு வலிக்காது. சாக்காயின் வெள்ளைக் கத்தி இந்த மூன்றிலும் நன்றாக வெட்டுவது, ஆனால் அதை இரண்டாவது கத்தியாக, தீட்டும் கை பழகிய பிறகு வாங்கச் சொல்வேன். தீட்டவும் மாட்டேன், கல்லும் வாங்க மாட்டேன் என்பவர்கள் தொழிற்சாலை விஜி10ஐ எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

வாங்கும் இடம் என்று பார்த்தால், தோக்கியோவில் உவேனோவுக்கும் அசகுசாவுக்கும் நடுவே கப்பாபாஷி தெரு, ஒசாகாவில் நம்பா பக்கம் தோகுயாசுஜி. கியோத்தோவின் நிஷிகி சந்தையில் 1560இல் தொடங்கிய ஆரித்சுகு இருக்கிறது. எங்கே போனாலும் கேட்க வேண்டியவை மூன்று: நடு எஃகு எது, போர்வை துருப்பிடிக்குமா, இருபக்கமும் சமமாகத் தீட்டியதா. பிறகு கத்தியை முதுகு மேலாகக் கண்ணுக்கு நேரே பிடித்து, வளைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையால் அடித்ததில் மயிரிழை வளைவு இருக்கலாம். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தால் வேறு கேளுங்கள், முகம் கோணாமல் எடுத்துத் தருவார்கள். பல கடைகளில் அலகில் பெயரும் பொறித்துத் தருவார்கள், சில இடங்களில் இலவசமாகவே. தமிழ் எழுத்தைக் காகிதத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்தால் பார்த்து வெட்ட முயல்கிறவர்களும் உண்டு, கேட்டுப் பார்க்கலாம்.

வாங்கியதும் பொட்டலத்தைப் பிரிக்காமல் நேராக அறைக்குக் கொண்டுபோங்கள். ஜப்பானில் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் அலகுள்ள கத்தியைத் தக்க காரணமில்லாமல் கையில் வைத்துச் சுற்றுவது குற்றம். ரசீதும் கட்டிய பெட்டியும் இருந்தால் கேள்வி வராது. விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில்தான் வைக்க வேண்டும், முனையில் கடைக்காரர் மாட்டிய அட்டை உறையைக் கழற்றாமல். கல்லையும் அதிலேயே, துணியில் சுற்றி, கத்தியிலிருந்து தள்ளி வையுங்கள்; பெட்டியைத் தூக்கிப் போடும்போது உடைவது பெரும்பாலும் அதுதான்.